கோபம் வரும்போது மூச்சு என்ன ஆகிறது? யோகாவும் மனசும்: வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் யோகாவைப் பற்றித்தான். முதுகுவலி, தொப்பை என்று கேட்பவர்கள் எப்போதும் உண்டு. ஆனால் இம்முறை பலரும் தலைக்குள் நடப்பதைக் கேட்டிருக்கிறார்கள்: கோபம், மறதி, பயம், காரணம் தெரியாத அழுகை. அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளி வைத்துவிட்டு இவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: டாக்டர், எனக்கு 39 வயது. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. விடியற்காலையில் எழுந்து சமைத்து, ரெண்டு பிள்ளைகளையும் கிளப்பிவிட்டு ஓடினால் ராத்திரி ஏழு மணிக்குத்தான் வீடு. வந்ததும் சின்ன விஷயத்துக்கெல்லாம் பிள்ளைகளிடம் கத்துகிறேன். சில நாள் கை நீட்டியும்விடுகிறேன். அவர்கள் தூங்கின பிறகு பக்கத்தில் உட்கார்ந்து அழுவேன். யோகா செய்தால் கோபம் குறையும் என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. கையையும் காலையும் வளைத்தால் மனசு எப்படி மாறும்? எனக்கு நம்பிக்கை வரவில்லை.
(வாசகி, திருப்பூர்)

பதில்: சகோதரி, உங்கள் சந்தேகம் நியாயமானது. கையை வளைப்பதால் மட்டும் கோபம் குறையாது. வளைத்து நிற்கும்போது மூச்சை என்ன செய்கிறீர்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

அடுத்த தடவை கத்தப் போகிற நேரத்தில் உங்கள் உடம்பைக் கொஞ்சம் கவனியுங்கள். பல் கடித்திருக்கும், தோள் காதுவரை ஏறியிருக்கும், மூச்சு வயிற்றுக்கே இறங்காமல் மேல் நெஞ்சிலேயே திணறிக்கொண்டிருக்கும். மூளைக்குள் அமிக்டலா என்று பாதாம்பருப்பு அளவில் ஒரு பகுதி இருக்கிறது; ஆபத்து என்று தோன்றினால் முதலில் மணி அடிப்பது அதுதான். நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளைதான் 'பொறு, கொட்டினது பால்தானே' என்று அதை அடக்கி வைக்கிறது. தூக்கம் குறைந்து, பசியோடு, காலையிலிருந்து நின்றே வேலை பார்த்துவிட்டு வருகிற ஆளுக்கு அந்த முன்மூளை களைத்துப் போயிருக்கும், மணி மட்டும் அடித்துக்கொண்டே இருக்கும். இதில் உங்கள் குணக்கேடு எதுவும் இல்லை.

நெஞ்சுத் துடிப்பே குறை என்று நாம் கட்டளை போட முடியாது. அமிக்டலாவுக்கும் போட முடியாது. தானாக நடக்கிற இந்த வேலைகளில் நம் கைக்கும் அடங்குகிற ஒன்று மூச்சு. மூளையின் அடித்தண்டிலிருந்து கிளம்பி இதயம், நுரையீரல், வயிறு வரைக்கும் போகிற வேகஸ் என்ற நரம்பு இருக்கிறது. அதன் இழைகளில் பெரும்பகுதி கீழேயிருந்து மேலே, அதாவது உடம்பிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டுபோகிறவை. மூச்சை மெதுவாக, நீளமாக வெளியே விடும்போது இந்த நரம்பு இதயத்துக்குக் கடிவாளம் போடுகிறது. என் பேச்சை நம்ப வேண்டாம், மணிக்கட்டில் விரலை வைத்து நாடியைப் பாருங்கள்: மூச்சை இழுக்கும்போது துடிப்பு ஒரு பிடி வேகமாகும், நீளமாக விடும்போது தளரும்.

அப்படியானால் மூச்சு மட்டும் போதுமே, ஆசனம் எதற்கு? எனக்குத் தெரிந்தவரை ஆசனம் ஒரு ஒத்திகை. சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி முழங்காலை மடக்கி அரை நிமிஷம் நில்லுங்கள். தொடை எரியும். உடனே மூச்சை அடக்கிக்கொண்டு பல்லைக் கடிப்பீர்கள், எல்லாரும் அதைத்தான் செய்வோம். அந்த எரிச்சலுக்கு நடுவில் பல்லைத் தளர்த்தி, மூச்சை ஒரே சீராக விடப் பழகுகிறோமே, அதே வேலையைத்தான் ராத்திரி ஏழரை மணிக்கு, ஹோம்வொர்க் நோட்டு காணவில்லை என்று பையன் வந்து நிற்கும்போது செய்ய வேண்டியிருக்கிறது. தினமும் செய்து பார்த்த உடம்புக்கு அப்போது அது ஞாபகம் வரும், திடீரென்று 'மூச்சை விடு' என்று சொன்னால் வராது.

இதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். காபா என்ற ரசாயனம் மூளையில் நரம்புகளின் படபடப்பைத் தணிக்கிறது. மனச்சோர்வும் பதற்றமும் உள்ளவர்களிடம் இது குறைவாக இருப்பதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. 2007-ல் பாஸ்டனில் கிறிஸ் ஸ்ட்ரீட்டர் என்ற மருத்துவரும் அவரது குழுவும், ஏற்கெனவே யோகா பழகிய 8 பேரை ஒரு மணி நேரம் பயிற்சி செய்ய வைத்து, முன்னும் பின்னும் ஸ்கேன் எடுத்தார்கள். காபா 27 சதவீதம் கூடியிருந்தது. அதே ஒரு மணி நேரம் உட்கார்ந்து புத்தகம் படித்தவர்களுக்குக் கூடவில்லை. எட்டே பேர்தான், அதை மறக்கக் கூடாது. ஆனால் 2010-ல் அதே குழு, யோகாவையும் நடைப்பயிற்சியையும் 12 வாரம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதும் மனநிலையும் பதற்றமும் யோகா செய்தவர்களுக்கே கூடுதலாகத் தேறியிருந்தன.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். கம்பெனியிலிருந்து வந்ததும் நேரே அடுப்படிக்குப் போகாதீர்கள். பிள்ளைகளிடம் 'அம்மாவுக்குப் பத்து நிமிஷம் கொடுங்க' என்று சொல்லிவிட்டு, கதவைச் சாத்தி, தரையில் படுத்துக் காலைச் சுவரில் தூக்கி வையுங்கள். நாள் முழுக்க நின்ற காலுக்கு அதுவே பெரிய உபகாரம். மனசுக்குள் நாலு எண்ணி மூச்சை இழுங்கள், ஆறு எண்ணி விடுங்கள், அடக்க வேண்டாம். பத்து நிமிஷம் போதும். காலையில் முடிந்த நாளில் நேராக நிமிர்ந்து நிற்கும் தாடாசனம், பூனை மாதிரி முதுகை வளைத்து நிமிர்த்துவது, அந்தச் சுவர் ஆசனம், இந்த மூன்றும். ஒரு மாதம் கழித்துக் கோபம் போய்விட்டிருக்காது. கத்துவதற்கு முன்னால் ஒரு நொடி கிடைக்கும், அந்த ஒரு நொடிக்காகத்தான் இவ்வளவும்.

அப்புறம், ரத்தசோகையும் தைராய்டும் இருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள். அவை இரண்டுமே இப்படிச் சிடுசிடுப்பாக்கும், எத்தனை ஆசனம் செய்தாலும் அது தீராது. பிள்ளைகள் மேல் கை நீட்டின நாளில், அவர்கள் விழித்திருக்கும்போதே மன்னிப்புக் கேளுங்கள். தூங்கின பிறகு அழுதால் அவர்களுக்குத் தெரியாது.

கேள்வி: குரூப் 2 தேர்வுக்கு மூன்றாவது தடவையாகப் படிக்கிறேன். நூலகத்தில் எட்டு மணி நேரம் உட்கார்ந்தாலும் படித்தது நிற்கவில்லை, பக்கம் பக்கமாகப் புரட்டுகிறேன், மனசு வேறெங்கோ போகிறது. யோகா செய்தால் எட்டே வாரத்தில் மூளை வளரும், ஞாபகசக்தி இரண்டு மடங்காகும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். உண்மையா?
(மாணவர், திண்டுக்கல்)

பதில்: இல்லை தம்பி. அந்த எட்டு வாரக் கதை எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன். எட்டு வார மனவிழிப்புப் பயிற்சி ஒன்று இருக்கிறது, தியானத்தோடு கொஞ்சம் யோகாவும் சேர்ந்தது. அதைச் செய்தவர்களுக்கு மூளையின் சில பகுதிகள் தடித்ததாக ஆரம்பத்தில் சில சிறிய ஆய்வுகள் வந்தன, செய்தித்தாள்களும் அதைப் பிடித்துக்கொண்டன. 2022-ல் ரிச்சர்ட் டேவிட்சனின் விஸ்கான்சின் குழு இருநூறுக்கும் மேற்பட்டவர்களை வைத்து அதையே கவனமாகத் திரும்பச் செய்தபோது மூளையின் அமைப்பில் அப்படி எந்த மாற்றமும் தெரியவில்லை. டேவிட்சன் யார் தெரியுமா? வாழ்நாள் முழுக்கத் தியானத்தின் பலன்களை ஆராய்ந்தவர். அவரே 'தெரியவில்லை' என்று வெளியிட்டதை நான் மிகவும் மதிக்கிறேன். யோகாவின் பெயரால் பொய் சொல்கிறவர்கள்தான் யோகாவுக்கு அதிகக் கெடுதல் செய்கிறார்கள் என்பது என் எண்ணம்.

ஆனால் உங்கள் பிரச்னை ஞாபகசக்தி மாதிரி எனக்குத் தெரியவில்லை. புத்தகத்தில் மனசு நிற்கவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். உள்ளே போகாதது எப்படி நிற்கும்? கவனத்துக்கு யோகா உதவுகிறது, அதற்கு ஆதாரமும் இருக்கிறது. நேஹா கோத்தே என்ற ஆய்வாளர் 2013-ல் வெளியிட்ட சோதனையில் 30 கல்லூரி மாணவிகள் ஒரு நாள் 20 நிமிஷம் யோகாவும், இன்னொரு நாள் 20 நிமிஷம் டிரெட்மில்லும் செய்தார்கள். யோகாவுக்குப் பிறகு மனசில் தகவலைப் பிடித்து வைத்து வேலை செய்வதும், தேவையில்லாததை ஒதுக்குவதும் மேலாக இருந்தன. ஒரே ஒரு தடவை செய்ததற்கே இது. அதற்காக டிரெட்மில் வீண் என்று ஆகாது, அது முடிந்த உடனே உடம்பு படபடவென்று இருக்கும், யோகா முடிந்தால் அடங்கியிருக்கும்.

அதனால் எட்டு மணி நேரத்தை ஒரே மூச்சாக உட்கார வேண்டாம். ஐம்பது நிமிஷம் படித்தால் வெளியே மரத்தடிக்குப் போய் ஒற்றைக் காலில் விருட்சாசனம், இரண்டு பக்கமும். எதிரே ஒரு புள்ளியைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும், கண் அலைந்தால் கால் தடுமாறும், மனசு எங்கே போயிற்று என்பது உடனே தெரிந்துவிடும். அப்புறம் ஐந்து நிமிஷம் நாடி சுத்தி, ஒரு நாசி மாற்றி ஒரு நாசி. போனை அந்த நேரத்தில் எடுக்கக் கூடாது. இதைவிட முக்கியமாக, ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்குகிறீர்கள் என்று நீங்கள் எழுதவே இல்லை. பகலில் படித்ததை மூளை பத்திரப்படுத்துவது தூக்கத்தில். நாலு மணி நேரம் தூங்கிவிட்டு யோகாவை நம்பாதீர்கள்.

கேள்வி: நாங்கள் கிறிஸ்தவக் குடும்பம். எனக்கு ராத்திரியில் படபடப்பு வருகிறது. யோகா வகுப்பில் சேர்ந்தேன், அங்கே ஓம் சொல்லச் சொல்கிறார்கள். சொன்னால்தான் பலனா? வீட்டில் சங்கடப்படுகிறார்கள்.
(வாசகி, நாகர்கோவில்)

பதில்: சொல்லாமலும் பலன் உண்டு. உங்கள் வீட்டிலேயே அதற்கு மருந்து இருக்கிறது, ஜெபமாலை.

2001-ல் இத்தாலியில் லூசியானோ பெர்னார்டி என்ற மருத்துவர் 23 பேரை வைத்துப் பார்த்தார். அவர்களை லத்தீன் மொழியில் மரியே வாழ்க ஜெபம் சொல்ல வைத்தார், அப்புறம் ஒரு திபெத்திய மந்திரத்தைச் சொல்ல வைத்தார். இரண்டுமே சொல்கிறவரின் மூச்சை நிமிஷத்துக்கு ஆறு அளவுக்கு இறக்கிவிட்டன. சும்மா இருக்கும்போது நாம் பன்னிரண்டுக்கு மேல் மூச்சு விடுகிறோம். அந்த ஆறு என்ற வேகத்தில் மூச்சும் நெஞ்சுத் துடிப்பும் ரத்த அழுத்தமும் ஒன்றோடொன்று தாளம் சேர்ந்துவிடுகின்றன; ரத்த அழுத்தம் ஏறி இறங்கும்போது அதைச் சரிக்கட்டும் உடம்பின் திறனும் அந்த நேரத்தில் கூடியிருந்தது. எந்த மதத்துக் காரர் சொன்னாலும் நுரையீரல் ஒன்றுதானே.

ஓம் என்பதையும் பார்த்திருக்கிறார்கள். பெங்களூரில் உள்ள நிம்ஹான்ஸ் என்ற மனநல, நரம்பியல் மருத்துவ நிறுவனத்தில் 2011-ல் 12 பேரை எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுக்க வைத்து ஓம் சொல்லச் சொன்னபோது, அமிக்டலா உட்பட உணர்ச்சி சம்பந்தப்பட்ட பகுதிகளின் செயல்பாடு தணிந்தது. 'ஸ்ஸ்ஸ்' என்று வெறுமனே காற்றை விட்டபோது அது நடக்கவில்லை. காதுக்குள் கேட்கும் அந்த அதிர்வு வேகஸ் நரம்பின் ஒரு கிளையைத் தூண்டுவதுதான் காரணமாக இருக்கலாம் என்று அவர்கள் கருதினார்கள். அந்த அதிர்வு 'ம்ம்ம்' என்று வாயை மூடி ரீங்காரம் செய்தாலும் வரும். பிராமரி என்று அதைத்தான் சொல்லிக் கொடுக்கிறோம், வண்டின் ஓசை. எந்தச் சாமி பெயரும் அதில் இல்லை. வகுப்பில் மற்றவர்கள் ஓம் சொல்லும்போது நீங்கள் ரீங்காரம் செய்யுங்கள், டீச்சரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், நல்ல டீச்சராக இருந்தால் ஒன்றும் சொல்ல மாட்டார். ராத்திரி படபடப்புக்குப் படுக்கையில் உட்கார்ந்து ஜெபமாலையை அவசரமில்லாமல், ஒவ்வொரு ஜெபத்தையும் ஒரே மூச்சில் சொல்லிப் பாருங்கள். நெஞ்சு வலியோடு வருகிற படபடப்பு என்றால் மட்டும் முதலில் ஈ.சி.ஜி.

கேள்வி: ஐயா/அம்மா, நான் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், வயது 68. சமீபமாகப் பெயர்கள் மறக்கின்றன, கண்ணாடியை வைத்த இடம் தெரியவில்லை. என் தாயாருக்கு மறதி நோய் இருந்தது. அந்தப் பயத்தில் தூக்கமே போய்விட்டது. முழங்கால் தேய்மானம் இருப்பதால் கீழே உட்கார முடியாது. தினமும் அரை மணி நடக்கிறேன். நடையை விட்டுவிட்டு யோகாவுக்கு மாறலாமா?
(கும்பகோணம்)

பதில்: ஐயா, நடையை விட்டுவிடவே வேண்டாம். நானே யோகா மருத்துவர், ஆனாலும் சொல்கிறேன். 2011-ல் அமெரிக்காவில் 120 முதியவர்களை ஒரு வருடம் கவனித்த ஒரு ஆய்வு இருக்கிறது. வேகமாக நடந்தவர்களுக்கு ஹிப்போகாம்பஸ், அதாவது புது ஞாபகங்களைப் பதியும் பகுதி, 2 சதவீதம் பெரிதாகியிருந்தது. உடம்பை நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்த மற்றக் குழுவுக்கு அது ஒன்றரை சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவாகச் சுருங்கியிருந்தது. வயதானால் சுருங்கும், அது இயல்பு. ஆக வெறுமனே உடம்பை வளைப்பது நடைக்கு ஈடாகாது.

அப்படியானால் யோகா எதற்கு என்று கேட்பீர்கள். உங்கள் கடிதத்திலேயே அதற்கான இடம் இருக்கிறது: அந்தப் பயம், அந்தத் தூக்கமின்மை. மன அழுத்தம் நாள்பட நீடித்தால் கார்ட்டிசால் என்ற சுரப்பு ரத்தத்தில் ஓயாமல் இருக்கும், ஹிப்போகாம்பஸை அது பாதிக்கும். மறந்துவிடுவோமோ என்ற பயமே மறதியைக் கூட்டும். 2016-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஹெலன் லாவ்ரெட்ஸ்கியின் குழு, 55 வயதைத் தாண்டிய, லேசான மறதி உள்ள 25 பேரை இரண்டாகப் பிரித்தது. ஒரு பாதிக்கு ஞாபகப் பயிற்சி, குறுக்கெழுத்து மாதிரியான மூளை வேலைகளோடு. மற்றவர்களுக்கு வாரம் ஒரு மணி நேர யோகா வகுப்பும் வீட்டில் தினமும் கொஞ்சம் தியானமும். 12 வாரம் கழித்து, வார்த்தைகளை நினைவு வைப்பதில் இரண்டு குழுவுமே தேறியிருந்தன. இடம், திசை சம்பந்தப்பட்ட ஞாபகத்திலும் மனச்சோர்வு குறைந்ததிலும் யோகா குழு முந்தியிருந்தது. கண்ணாடியை எங்கே வைத்தோம் என்பது அந்த வகை ஞாபகம்தானே!

கீழே உட்கார வேண்டியதே இல்லை. கைப்பிடி இல்லாத, நகராத நாற்காலி போதும். பாதங்களைத் தரையில் ஊன்றி, கைகளை மூச்சு இழுக்கும்போது உயர்த்தி, விடும்போது இறக்குவது. இடுப்பிலிருந்து மெல்லத் திரும்புவது. கழுத்தை வட்டமாகச் சுழற்றாமல் பக்கத்துக்குப் பக்கம் சாய்ப்பது. மூச்சோடு சேர்த்து அசைவைச் செய்வது என்பதைத்தான் சென்னையில் யோகா ஆசிரியர் கிருஷ்ணமாச்சாரியார் பல்லாண்டு சொல்லிக் கொடுத்தார், ஆளுக்குத் தகுந்தபடி ஆசனத்தை மாற்ற வேண்டும், ஆசனத்துக்குத் தகுந்தபடி ஆளை முறுக்கக் கூடாது என்ற கொள்கையோடு. உங்களைப் போன்றவர்களுக்கு அதுதான் சரி. காலையில் நடை, சாயங்காலம் நாற்காலி யோகா, படுக்கும் முன் பிராமரி.

அதோடு ஒரு தடவை நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். பி12 குறைபாடு, தைராய்டு, காது மந்தம் இவையெல்லாம் கூட மறதி மாதிரி வரும், சரிசெய்யக் கூடியவை. பெயர் மறந்து கொஞ்ச நேரம் கழித்து ஞாபகம் வருவது பெரும்பாலும் வயதின் வேலை. பழகின தெருவில் வழி தெரியாமல் நின்றால் தாமதிக்க வேண்டாம்.

கேள்வி: சிரசாசனம் செய்தால் மூளைக்கு அதிக ரத்தம் போய் புத்தி கூர்மையாகுமாமே?
(வாசகர், மதுரை)

பதில்: மூளை தனக்கு வேண்டிய ரத்தத்தைத் தானே அளந்து வாங்கிக்கொள்ளும். நீங்கள் தலைகீழாக நின்றதும் தன் ரத்தக் குழாய்களைச் சுருக்கிச் சரிசெய்துவிடும், குடம் மாதிரி நிரம்பாது. ஆனால் கண்ணுக்கு அந்தப் பாதுகாப்பு அவ்வளவு இல்லை. சென்னை சங்கர நேத்ராலயாவைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2006-ல் வெளியிட்ட ஆய்வில் யோகா பழகிய 75 பேரைச் சிரசாசனத்தில் நிற்க வைத்து அளந்தபோது கண் அழுத்தம் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகியிருந்தது. கண் அழுத்த நோய் உள்ளவர்கள், ரத்தக்கொதிப்பு, கழுத்து எலும்புத் தேய்மானம் உள்ளவர்கள் செய்யவே கூடாது. மற்றவர்களும் குரு இல்லாமல், வீடியோ பார்த்துச் செய்ய வேண்டாம். புத்திக்கு அது தேவையும் இல்லை.

கேள்வி: சென்னையில் ஐ.டி. வேலை. மனச்சோர்வுக்கு ஏழு மாதமாக மாத்திரை எடுக்கிறேன், இப்போது பரவாயில்லை. சித்தப்பா 'மாத்திரையெல்லாம் விஷம், தூக்கிப்போட்டுவிட்டு யோகா பண்ணு' என்று ஒவ்வொரு தடவையும் சொல்கிறார். நிறுத்தலாமா?
(பெயர் வேண்டாம்)

பதில்: நிறுத்தாதீர்கள். உங்கள் சித்தப்பாவுக்கு உங்கள் மேல் அக்கறை இருக்கிறது, அது எனக்குப் புரிகிறது, ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அவர் பேச்சைக் கேட்க வேண்டாம். மனச்சோர்வு மாத்திரையைத் திடீரென்று விட்டால் தலைசுற்றல், தலைக்குள் ஷாக் அடிப்பது போன்ற உணர்வு, தூக்கமின்மை, எரிச்சல் எல்லாம் வரலாம், விட்டுப் போன நோயும் திரும்பி வரலாம். இப்போது பரவாயில்லை என்கிறீர்களே, அதில் மாத்திரைக்கும் பங்கு இருக்கிறது.

சித்தப்பா மாதிரியானவர்கள் மேற்கோள் காட்டும் ஆய்வு ஒன்று உண்டு. நிம்ஹான்ஸில் நடந்தது, 2000-ல் வெளிவந்தது. கடுமையான மனச்சோர்வோடு சேர்க்கப்பட்ட 45 பேரில் 15 பேருக்கு மின்அதிர்வு சிகிச்சை, 15 பேருக்கு இமிப்ரமின் மாத்திரை, 15 பேருக்கு சுதர்சன கிரியா என்ற மூச்சுப் பயிற்சி. நாலு வாரத்தில் முறையே 93, 73, 67 சதவீதம் பேர் தேறினார்கள். மூச்சுப் பயிற்சி மாத்திரைக்கு அருகில் வந்து நின்றது என்பது உண்மையிலேயே பெரிய செய்தி, நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அது ஆஸ்பத்திரிக்குள், மனநல மருத்துவர்கள் தினமும் பார்த்துக்கொண்டிருக்க, சிறிய எண்ணிக்கையில் நடந்தது. அதே நிம்ஹான்ஸில் இன்று யோகாவையும் மருந்தையும் கை கோத்துத்தான் கொடுக்கிறார்கள். ஒன்றைத் தூக்கிப்போட்டால்தான் இன்னொன்று என்று அங்கே யாரும் சொல்வதில்லை.

மாத்திரையோடு சேர்த்து யோகாவைத் தொடங்குங்கள். மூன்று நாலு மாதம் விடாமல் செய்தபின் உங்கள் மருத்துவரிடமே கேளுங்கள், குறைக்கலாம் என்று அவர் நினைத்தால் படிப்படியாகக் குறைப்பார். நடுவில் எப்போதாவது வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் வந்தால் பாயை விரிக்காதீர்கள், போனை எடுங்கள். 14416, மத்திய அரசின் டெலி மானஸ் எண், ராத்திரி பகல் எந்நேரமும், தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.

கேள்வி: வகுப்பு முடிவில் சவாசனத்தில் கண்ணை மூடிப் படுக்கச் சொல்கிறார்கள். மூடினால் எனக்குப் பழைய, மிகக் கெட்ட நினைவுகள் வருகின்றன. உடம்பு நடுங்குகிறது, அழுகை வருகிறது. மற்றவர்கள் நிம்மதியாகப் படுத்திருக்கிறார்கள். எனக்கு மட்டும் ஏன்?
(வாசகி, கோவை)

பதில்: உங்களுக்கு மட்டும் இல்லை அம்மா. வெளியே சொல்கிறவர்கள் குறைவு, அவ்வளவுதான். நீங்கள் எழுதியதற்கு நன்றி, இதை எழுத எவ்வளவு தைரியம் வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

பெரிய பயத்தைக் கடந்து வந்த உடம்பு எப்போதும் காவலில் இருக்கும். கண் திறந்திருந்தால்தான் அதற்குப் பாதுகாப்பு. கண்ணை மூடி மல்லாந்து படுப்பது, அறையில் இன்னொருவர் நடமாடுவது, கேட்காமல் வந்து தோளைத் தொட்டுச் சரிசெய்வது இதெல்லாம் அந்த உடம்புக்கு ஆபத்தின் அறிகுறி. 2014-ல் பெஸ்ஸல் வான் டெர் கோல்க் என்ற மனநல மருத்துவர், பழைய கொடுமைகளின் வடு ஆறாத (பி.டி.எஸ்.டி. என்பார்கள் இந்த நோயை), வேறு சிகிச்சைகளில் குணம் தெரியாத 64 பெண்களை ஆராய்ந்தார். வாரம் ஒரு மணி நேரமாகப் பத்து வாரம் யோகா செய்தவர்களில் பாதிப் பேர், 52 சதவீதம், முடிவில் அந்த நோயின் வரையறைக்குள் வரவில்லை. யோகாவுக்குப் பதில் உடல்நல வகுப்பில் உட்கார்ந்தவர்களில் அது 21 சதவீதம். ஆனால் அந்த யோகா வேறு மாதிரி. ஆசிரியை தொட மாட்டார். 'இப்படிச் செய்' என்று அதட்ட மாட்டார், 'விருப்பமிருந்தால் இப்படிச் செய்து பார்க்கலாம், வேண்டாமென்றால் விட்டுவிடலாம்' என்பார். தன் உடம்புக்கு என்ன நடக்க வேண்டும் என்பதைத் தானே முடிவு செய்வதுதான் அங்கே மருந்து.

ஆகவே உங்களுக்கு: கண்ணைத் திறந்தே வையுங்கள். மல்லாந்து படுக்காமல் சுவர்ப் பக்கம் முதுகு இருக்கும்படி ஒருக்களித்துப் படுங்கள், அல்லது உட்கார்ந்துகொள்ளுங்கள். கதவுக்கு அருகில் இடம் பிடியுங்கள். கையால் தரையைத் தடவிப் பாருங்கள், அறையில் இருக்கும் ஐந்து பொருட்களின் பெயரை மனசுக்குள் சொல்லுங்கள். நின்று செய்யும் ஆசனங்கள், வீரபத்ராசனம் போல, உங்களுக்குப் படுத்துச் செய்வதைவிட நல்லது. தொட வேண்டாம் என்று ஆசிரியையிடம் சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. கேட்காத ஆசிரியை என்றால் அந்த வகுப்பையே விட்டுவிடுங்கள். நடுக்கம் தொடர்ந்தால் மனநல ஆலோசகரின் துணையோடு செய்யுங்கள். தனியாகச் சுமக்க வேண்டியதில்லை.

கேள்வி: வீடியோ பார்த்துக் கபாலபாதி 300 தடவை செய்தேன். உதடும் விரலும் மரத்துப் போய்த் தலை சுற்றியது. நச்சு வெளியேறுகிறது என்கிறார்களே?
(வாசகர், வேலூர்)

பதில்: நச்சு இல்லை. மூச்சை வேகவேகமாக விட்டதில் ரத்தத்தில் கரியமில வாயு அளவுக்கு மீறிக் குறைந்துவிட்டது, அதனால் மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்கின, தலை சுற்றியது. உடனே நிறுத்தியிருக்க வேண்டும். வலிப்பு, ரத்தக்கொதிப்பு, இதய நோய், பயத் தாக்குதல் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் இதன் பக்கமே போகக் கூடாது. மனசு அடங்க வேண்டும் என்பவர்களுக்கு வேகமான மூச்சு எதற்கு? மெதுவான மூச்சு போதும்.

கேள்வி: ஒவ்வொரு வருஷமும் ஜூன் 21 யோகா தினத்தன்று உற்சாகமாகத் தொடங்குவேன், ஜூலையில் நின்றுவிடும். தினமும் செய்தால்தான் பலனா? மாதவிலக்கு நாட்களில் செய்யலாமா?
(வாசகி, சேலம்)

பதில்: எவ்வளவு நேரம் செய்யலாம் என்று முதல் நாள் முடிவு செய்திருப்பீர்கள்? ஒரு மணி நேரம் என்று இருந்தால் ஜூலையில் நின்றதில் ஆச்சரியமில்லை. நரம்புக்கு நீளம் தேவையில்லை, திரும்பத் திரும்ப வருவதுதான் தேவை. ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் செய்துவிட்டு மற்ற நாள் சும்மா இருப்பதைவிட, தினம் பன்னிரண்டு நிமிஷம் எவ்வளவோ மேல். ஏற்கெனவே விடாமல் செய்கிற ஒன்றோடு முடிச்சுப் போடுங்கள்: பல் தேய்த்ததும், அல்லது டீக்குப் பால் காய வைப்பதற்கு முன், அல்லது சாயங்காலம் விளக்கேற்றியதும். பாயைச் சுருட்டி அலமாரிக்குள் வைக்காதீர்கள், கண்ணில் படும் இடத்தில் கிடக்கட்டும். ஒரு நாள் விட்டுப் போனால் பரவாயில்லை, இரண்டாம் நாள் மட்டும் விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முடியவே முடியாத நாளில் பத்து மூச்சு, பஸ்ஸில் உட்கார்ந்தபடி செய்தாலும் அது கணக்கில் சேரும்.

முதல் இரண்டு வாரம் ஒன்றும் தெரியாது, அங்கேதான் பெரும்பாலானவர்கள் விடுகிறார்கள். என்னிடம் வருபவர்களில் பலர் முதலில் கவனிப்பது தூக்கத்தைத்தான், அடுத்து வீட்டில் இருப்பவர்கள் ஏதாவது சொல்வார்கள், 'இப்பல்லாம் முன்னே மாதிரி எரிஞ்சு விழறதில்லையே' என்று. உங்களுக்குத் தெரிவதற்கு முன்னால் அவர்களுக்குத் தெரிந்துவிடும்.

மாதவிலக்கு நாட்களில் தலைகீழ் ஆசனங்களும் வயிற்றை அழுத்துகிறவையும் வேண்டாம் என்று சொல்வது எங்கள் வழக்கம். மூச்சுப் பயிற்சிக்குத் தடையில்லை. முழங்காலுக்குக் கீழே ஒரு தலையணை வைத்து, படுத்தபடியே செய்யுங்கள்.